இளவரசனின் அச்சரக்கூடு

ராசாக்கள் மேல் எனக்கு ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. நான் வேலை செய்த மியூசியத்தில் சுவர் முழுக்க ராசாக்கள்தான். ஒருத்தனாவது சிரித்த முகமாக இருக்க வேண்டுமே! நான் கீழே கன்ரீனில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே கதிரையில் இருந்து அவர்களைக் காவல் காத்தவள் என் சிநேகிதி நகுலேஸ்வரி. கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். லண்டனில் எங்கள் ஆட்கள் கோயில் கட்டியதையும் கடை போட்டதையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நகுலாவைப் பற்றி எழுத எவரும் வரமாட்டார்கள். எழுதினால் அவளுடைய சொந்தக்காரர் என்னோடு கதையாமல் விடுவார்கள். விடட்டும், எனக்கும் காது கொஞ்சம் ஓய்வாக இருக்கும்.

மியூசியத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவளை ஸ்பெயின்காரரின் படங்கள் உள்ள அறையில் போட்டார்கள். ரீ பிறேக்குக்கு இறங்கி வந்தவளின் முகத்தில் ரத்தம் இல்லை.

"மெற்றி, மேலை ஒரு பிள்ளை நிக்குது. அதின்ரை இடுப்பெல்லாம் கூடு கட்டிக் கிடக்குது."

"எந்தப் பிள்ளை? தாய் தேப்பன் எங்கை?"

"படத்திலை நிக்கிற பிள்ளையடி, விசரி."

மெற்றில்டா என்ற என் பெயரை மெற்றி என்று சுருக்கியவளும் அவள், விசரி என்று கூப்பிட உரிமை எடுத்தவளும் அவள். ஏப்ரனைக் கழற்றிவிட்டு மேலே போய்ப் பார்த்தேன். இரண்டு வயதுப் பையன். சிவப்புச் சட்டை, மேலே வெள்ளை ஏப்ரன். ஒரு கை கதிரையின் முதுகில், கதிரையில் ஒரு குட்டி நாய். முகம் வெளிறிப்போய், கண்ணுக்குக் கீழே களைப்பு. இடுப்பிலும் மார்பிலும் பட்டி கட்டி ஒரு மணி, ஒரு பவளத்துண்டு, கறுப்புக் கல்லில் செய்த கைமுஷ்டி என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் கண்படாமல் இருக்கவாம். எங்கள் ஊரில் தகடு எழுதிச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டும் அச்சரக்கூடு இருக்கிறதே, அதேதான். நான் வேதக்காரி. எங்கள் வீட்டில் கழுத்தில் மாதாவின் சுருவம் தொங்கும். பயம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

பையனின் பெயர் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோ. ஸ்பெயின் நாட்டின் இளவரசன், நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்து ஆள். அசல் படம் வியன்னாவில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது எவனோ பார்த்து வரைந்த பழைய பிரதி.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போதுதான் தன் மகன் சேயோனைப் பற்றி முழுவதையும் சொன்னாள். அவளுக்கு ஒரு மகன் இருந்து செத்தது எங்கள் தெருவுக்கே தெரியும். நிமோனியா என்று சிலரும் நாவூறு என்று சிலரும் நம்பியிருந்தோம். பிறந்து சில மாதத்திலேயே பிள்ளையின் கழுத்து நிற்கவில்லையாம். பிறகு வலிப்பு. பிறகு பால் இறங்கவில்லை, மூக்கால் குழாய் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் அவளையும் புருஷன் ஞானேஸ்வரனையும் இருத்தி, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். இரண்டு பேருடைய ரத்தத்திலும் ஒரே பழுது இருக்கிறது. ஒருவரிடம் இருந்தால் ஒன்றும் செய்யாது, இரண்டு பக்கத்தாலும் வந்தால் பிள்ளையைக் கொல்லும். மூத்த மகள் துஷ்யாவிடமும் அது ஒளிந்திருக்கலாம். அவள் கலியாணம் கட்டமுன் சோதித்துப் பார்க்கவேண்டும், சொந்தத்துக்குள் கட்டுவதென்றால் கட்டாயம் பார்க்கவேண்டும். அவ்வளவு தெளிவாகச் சொன்னார் மனுஷன்.

ஞானம் கார் பார்க்கில் வைத்தே முடிவெடுத்துவிட்டார்.

"குமராகப் போற பிள்ளை ஒண்டு வீட்டிலை இருக்கு. இந்தக் கதை வெளியிலை போனால் அவளை ஆர் எடுப்பான்? வெள்ளைக்காரருக்கு நிமோனியா எண்டு சொல்லு. எங்கடை ஆக்களுக்கு நாவூறு எண்டு சொல்லு. நாவூறு எண்டால் ஒருத்தரும் கேள்வி கேளாயினம்."

நகுலாவும் தலையாட்டினாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். விம்பிள்டன் கோயிலில் நேர்த்தி வைத்தார்கள். ஊரிலிருந்து கூடு எழுதி எடுப்பித்து அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள். நாலு வயது முடியமுன் பிள்ளை போய்விட்டது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தபோது உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தானாம், இடுப்பில் கூடு இல்லை. பிறகு அது கட்டிலுக்குக் கீழே கிடந்து எடுத்தார்கள். செத்தவீட்டில் ஞானத்தின் பெரியம்மா ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு, "கூட்டை ஆர் கழட்டினது? கூடு இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும்!" என்று குழறினாளாம். ஒருவரும் அவளை மறுத்துச் சொல்லவில்லை. சொன்ன பொய்க்கு அது நல்ல சாட்சியாகவும் போய்விட்டது.

நாக்கு அழுகின கிழவி. செத்துப்போனாள், இல்லையென்றால் நேரே போய்க் கேட்டிருப்பேன்.

இப்போது ஒரு குடும்பக் கதையைச் சொல்லவேண்டும். பயப்படாதீர்கள், சுலபமானதுதான். இரண்டு வீடு. இந்த வீட்டு அண்ணன் அந்த வீட்டுத் தங்கச்சியைக் கட்ட, அந்த வீட்டு அண்ணன் இந்த வீட்டுத் தங்கச்சியைக் கட்டுவது. மாற்றுச் சம்பந்தம் என்று சொல்வோம். பெண்ணும் வெளியே போகாது, காணியும் வெளியே போகாது. நகுலாவின் தாய் தகப்பன் காலத்தில் ஒருமுறை அப்படிச் செய்தார்கள். பிறகு அதே இரண்டு வீட்டுக்குள் நகுலா மச்சான் ஞானத்தைக் கட்ட, நகுலாவின் தம்பி றமணன் ஞானத்தின் தங்கச்சி சுசிலாவைக் கட்டினான். றமணனும் சுசிலாவும் ஜேர்மனியில் இருந்துவிட்டு, மகன் ஆரணனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது லண்டன் வந்து லூயிஷாமில் கடை போட்டார்கள்.

துஷ்யாவும் ஆரணனும் லூயிஷாம் சிவன் கோயில் திருவிழாக்களில் ஒன்றாக வளர்ந்தவர்கள். "உன்ரை மாப்பிள்ளை வாறான்" என்று பெரியவர்கள் சீண்டச் சீண்ட, முதலில் கோபித்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள், பிறகு உண்மையாகவே விரும்பிவிட்டார்கள். நல்ல பையன், பல் வைத்தியம் படித்தவன். இங்கிலீசில் கதைக்கும்போதும் அவளுக்கு அவன் 'மச்சான்'தான். பெற்றவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? ஞானம் தரையில் நடக்கவில்லை.

துஷ்யாவைப் பற்றியும் ஒரு சொல். அமைதியான பிள்ளை. கழுத்தில் ஒரு சங்கிலி போடமாட்டாள், கையில் கோயில் நூல் கட்டவிடமாட்டாள். பள்ளிக்கூட லீவில் ஒருமுறை தாயோடு மியூசியத்துக்கு வந்தவள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "அம்மா, அவன் சாகமுன் இதையெல்லாம் கழற்றிவிட்டார்களா?" என்று இங்கிலீசில் கேட்டாள். என்ன கேள்வி இது என்று நானும் நகுலாவும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் அந்த அறைப்பக்கம் வந்ததில்லை.

கலியாணப் பேச்சு எழும்பிய நாளிலிருந்து நகுலாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனோடு மல்லுக்கட்டினாள். ஞானம் மோசமான மனுஷன் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அவருக்குப் பயம்.

"எத்தினை பேர் மச்சாளைக் கட்டி நல்லா இருக்கினம்? அவையளின்ரை பிள்ளையள் எல்லாம் சாகுதுகளோ? எங்களுக்கு விதி. பிள்ளை ஆசைப்பட்டதைக் கெடுக்காதை."

அவர் சொன்னதும் பொய்யில்லை. நூறு வீட்டில் ஒன்றும் நடப்பதில்லைதான். ஆனால் இந்த வீட்டில் நடந்துவிட்டதே! தலைக்கு மேல் வெள்ளம் வந்த வீட்டில் இருந்துகொண்டு மழை பெய்யுமா என்று கேட்கிற கதை. நான் நகுலாவிடம் நேராகச் சொன்னேன், "எடி, சோதினை செய்யட்டும் எண்டு சொல்லன், வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?" என்று. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்றாள் அவள். ஏன் என்று கேட்டால் சேயோன் வெளியே வருவான். வந்தால் இத்தனை வருஷமாக மறைத்ததும் வரும், றமணன் முகத்திலும் முழிக்க ஏலாது. அழுதாள்.

அந்தக் கிழமை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியத்தின் வழிகாட்டிப் பெண் படத்துக்கு முன்னால் வந்தாள். நான் மேலே தண்ணீர்ப் போத்தல் கொடுக்கப் போயிருந்தேன், நானும் நின்று கேட்டேன். நகுலாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். இளவரசனின் தகப்பன் ராசா, முதல் தாரத்துப் பிள்ளைகளைப் பெரும்பாலும் புதைத்தவன். மிஞ்சின மகனுக்குத் தன் சொந்தத் தங்கச்சியின் மகளையே பேசிவைத்திருந்தான். அந்த மகனும் பதினாறு வயதில் செத்துப்போக, மகனுக்குப் பேசின பெட்டையைத் தானே கட்டினான், தூ! அந்தப் பெட்டையின் தாய் தகப்பனும் ஒன்றுவிட்ட சகோதரர்தான். இரண்டு அரச வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், நாடு வெளியே போகக்கூடாதென்று. அப்படிப் பிறந்த ஃபெலிப்பேக்கு வலிப்பு. மணியும் பவளமும் கட்டினார்கள். நாலு வயது முடியமுன் செத்தான். ஒரு கிழமைக்குள் தம்பி பிறந்தான். அவனும் நோயாளி, பிள்ளை இல்லாமல் செத்தான். ஸ்பெயினில் அந்த வம்சம் அதோடு சரி.

ஒரு சின்னப் பெட்டை கையை உயர்த்தி, "அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"பாவம், தெரியாது. அந்தக் காலத்தில் எவருக்கும் தெரியாது" என்றாள் வழிகாட்டி.

பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நகுலா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அவளுக்குத் தெரியாது, மெற்றி," என்றாள். "எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. பொன்னுருக்கு நாள் வந்துவிட்டது.

தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில் நடக்கும் சடங்கு. பெண் அங்கே போகக்கூடாது, அவள் தன் வீட்டில் இருக்கவேண்டும். பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. பிறகு குடும்பத்தில் என்ன நடந்தாலும் தள்ளிப்போட மாட்டார்கள். அதனால் நகுலாவுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் காலை மட்டும்தான். நானும் கூடப் போனேன். காரில் என் கையைப் பிடித்தவள் லூயிஷாம் வரைக்கும் விடவில்லை.

றமணனின் முன்னறையில் நிறைகுடம், குத்துவிளக்கு, பலகாரத் தட்டுகள். நகைக்கடைப் பத்தர் சின்னக் காஸ் அடுப்போடு வந்திருந்தார். புகை அலாரம் கத்தக்கூடாதென்று றமணன் கதிரையில் ஏறி அதற்குக் குளிக்கும் தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆரணன் பட்டு வேட்டியோடு வந்து சபையை வணங்கி, தட்டத்திலிருந்த தங்க நாணயத்தை எடுத்துப் பத்தரிடம் நீட்டினான்.

"தம்பி, குடுக்காதை."

யார் சொன்னது என்று முதலில் எவருக்கும் விளங்கவில்லை. நகுலா எழும்பி நின்றாள்.

"றமணன், உருக்க வேண்டாம். சேயோன் நாவூறாலை சாகேல்லை. என்ரை ரத்தத்திலையும் இவரின்ரை ரத்தத்திலையும் இருக்கிற வருத்தம் அது. துஷ்யாவுக்கும் இருக்கலாம், ஆரணனுக்கும் இருக்கலாம். டொக்டர் அப்பவே சொன்னவர். நாங்கள் மறைச்சுப்போட்டம்."

"இவளுக்கு விசர்!" ஞானம் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "மச்சான், இவளுக்குக் கொஞ்ச நாளாய் நித்திரையில்லை, நீ இதைக் கேளாதை..."

"விடுங்கோ அத்தான்," என்றான் றமணன். அவன் முகம் கறுத்துவிட்டது. "அக்கா, இவ்வளவு காலமும் என்னட்டை மறைச்சனீங்களோ? கூடப்பிறந்தவன் எண்டு ஒருத்தன் இருக்கிறதை மறந்துபோனியளோ?"

அடுத்ததாகச் சுசிலா வாயைத் திறப்பாள், வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். அவளோ பலகாரத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

"எங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தது, மச்சாள்."

"சுசிலா!" என்றான் றமணன்.

"இனி என்ன சுசிலா? ஆரணனுக்குப் பிறகு ஜேர்மனியிலை. வயித்துக்குள்ளையே கலைஞ்சது எண்டுதான் உங்களுக்குச் சொன்னனாங்கள். கலையேல்லை. ஆறு மாசம் இருந்தது. கழுத்து நிக்கேல்லை. அங்கத்தைய டொக்டரும் இதைத்தான் சொன்னவர். உங்களுக்குத் தெரிஞ்சால் துஷ்யாவைத் தரமாட்டியள் எண்டு இவர்தான்..." அதற்குமேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே இரண்டு வீடு, இரண்டு பூசணிக்காய், எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அக்காவுக்குத் தம்பி மறைத்தான், தம்பிக்கு அக்கா மறைத்தாள். பிள்ளைகளின் கலியாணம் குழம்பக்கூடாதென்று மறைத்த இரண்டு பேரும் அந்தப் பிள்ளைகளையே ஒன்றாகக் கொண்டுவந்து நெருப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குத்துவிளக்கைத் தூக்கி எறிந்திருப்பேன். வேற்று மனுஷி என்று பேசாமல் இருந்தேன். ஸ்பெயின் ராசாவுக்காவது சொல்ல ஆளில்லை. இவர்களுக்கு லண்டனிலும் ஜேர்மனியிலும் ஆளுக்கொரு டொக்டர் சொல்லியிருக்கிறார்!

ஆரணன் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவளோ?" என்று மட்டும் கேட்டான். நாணயத்தைத் தகப்பனின் கைக்குள் வைத்துவிட்டு, வேட்டியோடு மேல்மாடிக்கு ஏறிப்போய்க் கதவைச் சாத்தினான். பத்தர் அடுப்பை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவரும் சோதனைக்குப் போனார்கள். இருவருக்கும் இருந்தது. பிள்ளை வேண்டாமென்று கட்டலாம், சோதித்துச் சோதித்துப் பெறலாம், வழியிருக்கிறது என்று டொக்டர்கள் சொன்னார்கள். கட்டவில்லை. ஆரணன் வேலை மாற்றி ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டான், தாய் தகப்பனோடு கதைப்பதில்லை. றமணனும் நகுலாவும் கோயிலில் கண்டால் ஆளுக்கொரு பக்கம் கும்பிடுகிறார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை, ஊரும் தன் பங்குக்கு உப்புப் புளி போட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்தது.

ஞானம் எங்களை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். பட்டுச் சேலையோடு நானும் நகுலாவும் டி.எல்.ஆர். எடுத்து, பாங்க்கில் இறங்கி நோர்தேர்ண் லைன் பிடித்தோம். வழிநெடுக அவள் இதை மட்டும்தான் சொன்னாள். "துஷ்யா என்னை மன்னிக்கமாட்டாள், மெற்றி. அவளின்ரை வாழ்க்கையை என்ரை கையாலை உடைச்சுப்போட்டன்." இல்லையென்று எப்படிச் சொல்வது? உடைந்தது உண்மைதானே.

கோலியர்ஸ் வுட்டில் துஷ்யா கதவைத் திறந்தாள். கையில் மருதாணி போட்டுக் காயாமல் விரலை விரித்துப் பிடித்திருந்தாள். ஆரணன் அதற்குள் போன் எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும், அவள் கண் வீங்கியிருந்தது. நகுலா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பழுது இரண்டு பக்கத்தாலும் வந்ததை, டொக்டர் சொன்னதை, நாவூறு என்று கதை கட்டினதை. "என்னை அடியடி," என்றாள். "என்ன வேணுமெண்டாலும் சொல்லு."

துஷ்யா கத்துவாள் என்று நானும் காத்திருந்தேன். அவள் தாயை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வருவது குறைவு, வீட்டிலும் இங்கிலீசுதான். அன்று தமிழில் கேட்டாள்.

"அப்ப நான் கூட்டைக் கழட்டினதாலை இல்லையோ?"

நகுலாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"தம்பின்ரை கூடு. நான்தான் கழட்டினனான். என்ரை பாவைப்பிள்ளைக்குக் கட்டிப் பார்க்க ஆசையாய் இருந்தது. திரும்பக் கட்டத் தெரியேல்லை, கட்டிலுக்குக் கீழை போட்டுட்டன். அடுத்த நாள் தம்பி..." அவள் மருதாணிக் கையால் வாயைப் பொத்தினாள். முகமெல்லாம் பச்சையாக அப்பிக்கொண்டது. "பெரியம்மம்மா சொன்னவ, கூடு இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும் எண்டு. நீங்களும் அப்பாவும் பக்கத்திலை நிண்டனீங்கள். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, அம்மா."

சேயோன் சாகும்போது அவளுக்கு வயது ஆறு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பிள்ளை தன் தம்பியைத் தானே கொன்றதாக நம்பி, பள்ளிக்கூடம் போய், பட்டம் எடுத்து, எங்களோடு இருந்து சிரித்திருக்கிறது. மகளுடைய பெயர் கெடக்கூடாதென்று தாய் தகப்பன் கட்டின பொய்யைத் தின்றது அந்த மகள்தான். படத்துக்கு முன்னால் நின்று அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சிரித்தோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

நகுலா நடையிலேயே, சப்பாத்துகளுக்கு நடுவில், பட்டுச் சேலையோடு இருந்துவிட்டாள். மகளின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இல்லையடி குஞ்சு. நீ இல்லை. கூடு ஒண்டுமே செய்யேல்லை."

"உண்மையாவோ?"

"உண்மையாய்."

நான் போய்க் கேத்திலை வைத்தேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொதித்து முடிந்த பிறகும் நடையிலிருந்து அதே சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் இல்லையோ என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தாய் ஒவ்வொரு முறையும் நீ இல்லை என்றாள்.